மார்பகப் புற்றுநோய்: கட்டிக்கும் சிகிச்சைக்கும் இடைப்பட்ட நாட்கள்

(மாவட்ட அலுவலர்களும் மருத்துவ, சமூகப்பணி மாணவர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்கள் புதிதாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாயினர் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை மதிப்பிட்டுள்ளது. அவ்வாண்டில் இந்நோயால் இறந்தோர் ஏறத்தாழ 98,000 பேர். அதே ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் புதிய நோயாளிகள் சுமார் 2,74,000 பேர். இறந்தோர் சுமார் 43,000 பேர். அதாவது, அங்கே ஆறு புதிய நோயாளிகளுக்கு ஓர் இறப்பு. இங்கே இருவருக்கு ஓர் இறப்பு. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் நோய் நம்மிடம் மிகக் குறைவு. ஆனால் நோயுற்றவர் பிழைப்பதும் நம்மிடம் குறைவு. இவ்வேறுபாட்டிற்குரிய காரணத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மருத்துவ மாணவர்கள் உடனே ஒரு விளக்கம் கூறக்கூடும்: நம் நாட்டுப் பெண்களுக்கு வரும் நோய் தன்மையிலேயே கடுமையானது என்று. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும், ஹெர்-2 என்னும் புரதத்தின் மிகுதியும் இல்லாத, 'மும்மை எதிர்மறை' எனப்படும் வகை இங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ மூவரிடம் காணப்படுகிறது. மேலை நாடுகளில் இவ்விகிதம் குறைவு. நோயுறும் வயதும் இங்கே சுமார் பத்தாண்டு முந்தியது. நம் மக்கள்தொகையே இளமையானது என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆயினும் இவ்விளக்கம் வேறுபாட்டின் ஒரு பகுதிக்கே பொருந்தும். நம் மருத்துவமனைகளின் பதிவேடுகளைப் பார்த்தால், முதன்முறை வரும்போதே பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு நோய் மார்பகத்தைக் கடந்து அக்குள் முடிச்சுகளையோ சுற்றியுள்ள திசுக்களையோ எட்டியிருக்கிறது. இது நோயின் கடுமையைவிடக் காலத்தின் இழப்பையே பெரிதும் காட்டுகிறது.

இந்நோயின் இயல்பைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். மார்பகத்தில் பாலைச் சுரக்கும் நுண்ணறைகளும், அப்பாலைக் காம்புக்குக் கொண்டுசெல்லும் நாளங்களும் உள்ளன. பெரும்பாலான மார்பகப் புற்றுகள் அந்நாளங்களின் உட்சுவர் உயிரணுக்களில் தோன்றுகின்றன. கட்டுப்பாடின்றிப் பெருகும் உயிரணுக்கள் நாளத்தின் சுவரை உடைத்து வெளிவந்து, நிணநீர் வழியே அக்குள் முடிச்சுகளுக்கும், இரத்த ஓட்டத்தின் வழியே எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்கும் செல்லக்கூடும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள கட்டியிலேயே ஏறத்தாழ நூறு கோடி உயிரணுக்கள் இருக்கும். ஆகவே, கைக்குத் தட்டுப்படும் கட்டி நேற்று முளைத்ததன்று. அச்சத்தில் அன்றிரவே ஓடவேண்டியதில்லை. ஆனால் ஆறு மாதம் காத்திருக்கவும் கூடாது. ஆண்களுக்கும் இந்நோய் வரும். நூற்றில் ஒருவர் அளவில்தான் என்பதால், அவர்கள் இன்னும் தாமதமாகவே வருகிறார்கள்.

நாட்கள் எங்கே இழக்கப்படுகின்றன?

முதல் இழப்பு வீட்டிலேயே நேர்கிறது. நம் மக்களுக்கு நோயின் அடையாளம் வலி. வலித்தால் மருத்துவரிடம் செல்வார்கள். வலிக்காவிட்டால் அது நோயே அன்று. மார்பகப் புற்றுக்கட்டியோ தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கடினமாக, ஒழுங்கற்ற விளிம்புடன், சும்மா இருக்கும். பாலூட்டும் தாயாக இருந்தால், "பால் கட்டிக்கொண்டது" என்று வீட்டுப் பெரியவர்கள் ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் இரண்டு வாரத்தில் கரையாத கட்டியைப் பால்கட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பது தவறு. தோல் சுருங்குதல், ஆரஞ்சுப் பழத்தோல் போலத் தடித்தல், காம்பு உள்ளிழுக்கப்படுதல், காம்பிலிருந்து இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் முடிச்சு ஆகியவையும் இவ்வாறே வலியின்றி வருபவை. இன்னொன்றையும் சேர்த்தே சொல்லவேண்டும்: மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. இதைச் சொல்லாமல் அடையாளங்களை மட்டும் அடுக்கினால், கேட்கும் பெண் அஞ்சி ஒளிந்துகொள்வாரே தவிர முன்வரமாட்டார்.

கூச்சத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். கூச்சம் மட்டுமே காரணம் என்று சொல்வது, பழியைப் பெண்ணின் மேல் போட்டுவிட்டு நாம் விலகிக்கொள்வதாகும். அருகிலுள்ள நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. மறைப்புத் திரை இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும். அறுவடை முடியட்டும், மகளின் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார். மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற அச்சம் வேறு. இவற்றில் பாதிக்கு மேல் நிருவாகத்தால் தீர்க்கக்கூடியவை.

இனி, மும்பையில் நடந்த ஒரு பெரும் ஆய்வைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். மேலை நாடுகளில் மார்பகத்தை ஊடுகதிரால் படம் பிடிக்கும் மேமோகிராம் முறை பரவலாக உள்ளது. நம் நாட்டில் அதைக் கிராமந்தோறும் கொண்டுசெல்வது அரிது. கருவி, மின்சாரம், படத்தைப் படித்துச் சொல்லும் வல்லுநர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கவேண்டும். இளம்பெண்களின் அடர்ந்த மார்பகத் திசுவில் அப்படம் தெளிவாகவும் இராது. அப்படியானால், பயிற்சி பெற்ற கையால் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை உயிரைக் காக்குமா? இக்கேள்விக்கு விடை காண டாட்டா நினைவு மருத்துவமனையைச் சேர்ந்த இந்திரநீல் மித்ராவும் அவருடைய குழுவினரும் 1998-இல் மும்பை நகரின் குடிசைப் பகுதிகளில் ஆய்வைத் தொடங்கினர்.

35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் இடம்பெற்றனர். இருபது பகுதிகளைத் திருவுளச்சீட்டு முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், மார்பகப் பரிசோதனை நடந்தது. பரிசோதித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்து, சில வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். மற்றொரு பிரிவினருக்குப் புற்றுநோய் பற்றிய அறிவுரை ஒருமுறை வழங்கப்பட்டது. பின்னர் இரு பிரிவினரையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்தனர். இருபது ஆண்டுக்கு மேலான இவ்வுழைப்பின் முடிவு 2021-இல் வெளியாயிற்று.

முடிவு என்ன? பரிசோதனைப் பிரிவில் நோய் கண்டவர்களுள் மூன்றாம், நான்காம் நிலையில் இருந்தவர்கள் 37 விழுக்காடு. மற்றப் பிரிவில் 47 விழுக்காடு. நோய் முன்னதாகவே பிடிபட்டது என்பதில் ஐயமில்லை. இறப்பைப் பொறுத்தவரை, ஒட்டுமொத்தமாக 15 விழுக்காடு குறைவு காணப்பட்டது. ஆனால் அக்குறைவு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடும் என்று புள்ளியியல் கூறுகிறது. ஐம்பது வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களைத் தனியே எடுத்துப் பார்த்தபோது இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழ்ப்பட்டோரில் அப்பயன் தெரியவில்லை. வயதுவாரியான இப்பகுப்பு ஆய்வு முடிந்தபின் செய்யப்பட்டது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். இவ்வளவு எச்சரிக்கைகளுக்குப் பின்னும் என் கருத்து இதுதான்: சில வாரப் பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளரின் கைவிரல்கள், கோடிக்கணக்கான ரூபாய்க் கருவி இல்லாத இடத்தில், செய்யத்தக்க ஒரு பணியைச் செய்கின்றன.

இதனோடு ஷாங்காய் நகர ஆய்வையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். அங்கே நெசவாலைகளில் பணிபுரிந்த இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு, தம் மார்பகத்தைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும் முறை 1989 முதல் ஆராயப்பட்டது. கற்றுக்கொண்ட பெண்களிடையே இறப்பு குறையவில்லை. புற்று அல்லாத கட்டிகளுக்கான திசுச் சோதனைகளே மிகுந்தன. 2002-இல் வெளிவந்த இம்முடிவு, சுவரொட்டி ஒட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் நம் போன்றோருக்கு ஒரு பாடம். பெண்கள் தம் உடலை அறிந்திருப்பது நல்லது. மாற்றம் கண்டால் வருவது அவசியம். ஆனால் வருபவரைப் பார்க்க ஒருவர் இருக்கவேண்டும். பார்த்தபின் சோதிக்க ஓர் இடம் இருக்கவேண்டும்.

2016-இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்யவேண்டும். மும்பை ஆய்வில் இடைவெளி இரண்டே ஆண்டு. ஐந்து ஆண்டு என்பது நீண்ட இடைவெளி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அதைப் பற்றி வாதிடும் நிலையில் நாம் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் என்றேனும் ஒருமுறை மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டோர் 0.9 விழுக்காடு, நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆஷா பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று நிரப்பும் படிவத்தில், மார்பில் கட்டி உண்டா, காம்பில் இரத்தக் கசிவு உண்டா, மார்பகத்தின் வடிவிலோ அளவிலோ மாற்றம் உண்டா என்ற மூன்று வினாக்கள் பெண்களுக்கென உள்ளன. வாசலில் நின்று, மாமனாரும் கணவரும் கேட்கும்படி அவற்றைப் படித்தால், மூன்றுக்கும் "இல்லை" என்ற விடைதான் கிடைக்கும். படிவம் நிறைந்துவிடும், நோய் அப்படியே இருக்கும்.

இரண்டாவது இழப்பு, மருத்துவரிடம் வந்தபின் நேர்கிறது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. கட்டியைக் கண்ட மருத்துவர், அதிலிருந்து ஊசி வழியே சிறு துணுக்கு எடுத்து, திசுச் சோதனைக்கு அனுப்பவேண்டும். "ஊசி பட்டால் நோய் பரவிவிடும்" என்ற தவறான நம்பிக்கை பொதுமக்களிடம் வலுவாக உள்ளது. அதை மறுத்துச் சொல்ல ஓரிரு நிமிடம் ஒதுக்கினாலே போதும். அதைவிடக் கவலைக்குரிய வழக்கம் ஒன்று சிற்றூர் மருத்துவமனைகளில் காணப்படுகிறது. சாதாரணக் கட்டி என்று கருதி, சோதனையின்றியே அதை அறுத்தெடுத்து, எறிந்துவிடுகிறார்கள். அல்லது உறவினர் கையில் தண்ணீர்ப் புட்டியில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். திசு அழுகிவிட்டால் ஆய்வுக்கூடத்தால் எதையும் சொல்ல இயலாது. சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் கட்டி வளரும்போதுதான் அது புற்று என்பது தெரியவருகிறது.

தேவையானது நடுநிலைப்படுத்திய பத்து விழுக்காட்டு பார்மலின் கரைசல் உள்ள ஒரு புட்டியும், பெயர்ச்சீட்டும், அதை மாவட்ட ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசெல்ல ஓர் ஆளும். மிகச் சிறிய செலவு. ஆனால் அத்துணுக்கு சொல்லும் செய்தி பெரிது. கட்டியில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏற்பிகள் உள்ளனவா என்று தெரிந்தால், அப்பெண்ணுக்குத் தமாக்சிபன் மாத்திரை பயன்படுமா என்று தெரியும். 1970-களில் பயன்பாட்டுக்கு வந்த இம்மருந்து இன்று மலிவாகக் கிடைக்கிறது. நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, குறைந்தது ஐந்து ஆண்டு. ஏற்பி உள்ளவருக்கு இது உயிர்காக்கும் மருந்து, இல்லாதவருக்கு வீண். ஹெர்-2 புரதம் மிகுந்திருந்தால், 1998-இல் அறிமுகமான டிராஸ்டுசுமாப் ஊசிமருந்து உதவும். அதன் விலை நம் மக்களுக்கு எட்டாததாக இருந்தது. 2013-இல் இந்தியாவில் தயாரான ஒப்புமை மருந்துக்கு அனுமதி கிடைத்தபின் ஓரளவு இறங்கியது. ஆக, சோதனையின்றி எறியப்பட்ட திசுவோடு சிகிச்சையின் வழிகாட்டியும் எறியப்படுகிறது.

சிகிச்சையின் வரலாறு தனி உரைக்குரியது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறைப்படி, மார்பகத்தோடு அடியிலுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குள் முடிச்சுகளையும் சேர்த்து அகற்றினர். ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அதுவே நியதியாக இருந்தது. அவ்வளவு வெட்டவேண்டியதில்லை என்பதை அமெரிக்காவில் பெர்னார்டு பிஷரும் இத்தாலியில் உம்பெர்த்தோ வெரோனேசியும் 1970-களில் தொடங்கிய ஆய்வுகளால் நிறுவினர். சிறிய கட்டியாயின், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தாலும் வாழ்நாள் குறைவதில்லை என்பது, இருபதாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2002-இல் உறுதியாயிற்று. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சித் தாமதிக்கும் பெண்ணிடம் நாம் சொல்லவேண்டிய செய்தி இதுவே: முன்னதாக வந்தால் மார்பகத்தையும் பெரும்பாலும் காக்கலாம், அஞ்சித் தாமதித்தால்தான் அதை இழக்க நேரிடும்.

நம் நாட்டு ஆய்வாளர்களின் பணியொன்றையும் இங்கே குறிப்பிடவேண்டும். அறுவைக்குச் சற்று முன்னர் கட்டியைச் சுற்றிலும் சாதாரண மரப்பு ஊசி மருந்தைச் செலுத்தினால் பயன் உண்டா என்று டாட்டா நினைவு மருத்துவமனையின் இராஜேந்திர பாட்வே குழுவினர் நாட்டின் 11 மருத்துவமனைகளில் 1,600 பெண்களைக் கொண்டு ஆராய்ந்தனர். ஐந்தாண்டு கடந்து உயிருடன் இருந்தோர் மரப்பு மருந்து பெறாதோரில் 86.4 விழுக்காடு, பெற்றோரில் 90.1 விழுக்காடு என 2022-இல் அறிவித்தனர். எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும் மலிவான மருந்து அது.

மூன்றாவது இழப்பு தொலைவினால் வருவது. கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறையாக நான்கு முதல் ஆறு மாதம் நீடிக்கும். கதிர்வீச்சு முன்னர் ஐந்து வாரம் தொடர்ந்தது. ஆய்வுகளுக்குப் பின் மூன்று வாரமாகச் சுருங்கியது. ஐந்தே நாட்களில் முடிப்பதும் பலருக்குப் போதுமானது என்று 2020-இல் ஒரு பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. மருத்துவ நூல் இதை 'வசதி' என்று குறிக்கும். வெளியூரில் வாடகை அறையில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பத்திற்கு இது சிகிச்சையை முடிப்பதா, பாதியில் விடுவதா என்ற வேறுபாடு. பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து இராஜஸ்தானின் பிக்கானேருக்குச் செல்லும் பயணி வண்டிக்கு மக்கள் 'கான்சர் ரயில்' என்றே பெயரிட்டனர். அண்மைச் சிகிச்சை இல்லாததன் சின்னம் அப்பெயர். அசாமில் இதற்கு மாறாக, மாவட்டங்களிலேயே புற்றுநோய் மருத்துவமனைகளை அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டு, அவற்றுள் ஏழு 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்றாண்டுக்குள் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஒருமுறை செலுத்தவேண்டிய மருந்துக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்வது நின்றாலே பலர் சிகிச்சையை முடிப்பர்.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்திற்கு ஆண்டொன்றுக்கு ஐந்து இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. ஆயினும் அது மருத்துவமனைச் சேர்க்கையை மையமாகக் கொண்டது; பொதுவான வெளிநோயாளிச் செலவு அதில் அடங்காது. நோய் உறுதியாகும் முன் செய்யவேண்டிய சோதனைகளுக்கும் பயணத்துக்கும்தான் ஏழைக் குடும்பம் முதலில் கடன் வாங்குகிறது.

தடுப்பைப் பற்றிச் சில சொற்கள். வயது கூடுதல், இளவயதில் பூப்பெய்துதல், மாதவிடாய் தாமதமாக நிற்றல், குழந்தைப்பேறு தாமதமாதல் அல்லது இன்மை ஆகியவை நோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவற்றை எவரும் மாற்றிக்கொள்ள இயலாது. மாற்றும்படி அரசு சொல்லவும் கூடாது. பெண்கள் படிக்கிறார்கள், தாமதமாக மணக்கிறார்கள், குறைவாகப் பெறுகிறார்கள். அதனால் நகரங்களில் நோய் சற்றுக் கூடுகிறது. அதற்காகப் பள்ளிக்கூடத்தை மூட முடியாது. பாலூட்டல் பயன் தரும்: ஒரு பெண் தம் வாழ்நாளில் பாலூட்டும் ஒவ்வொரு பன்னிரண்டு மாதத்திற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு குறைவதாக 2002-இல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பாய்வு கூறுகிறது. மாதவிடாய் நின்றபின் உடல் எடை கூடாதிருத்தல், உடலுழைப்பு, மதுவைத் தவிர்த்தல், ஹார்மோன் மருந்துகளை மருத்துவர் சொல்லின்றி நீடிக்காதிருத்தல் ஆகியவையும் உதவும். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இளவயதில் நோய் வந்திருந்தால், பி.ஆர்.சி.ஏ. எனப்படும் மரபணுக்களின் மாற்றத்தைச் சோதிப்பது நலம். மொத்த நோயாளிகளில் பத்தில் ஒரு பங்கிற்கும் மேற்படாதோருக்கே இந்நோய் மரபுவழி வருகிறது. ஒழுங்காக வாழ்ந்த பெண்ணுக்கும் இந்நோய் வரும் என்பதால், "நான் என்ன தவறு செய்தேன்" என்று கேட்பவரிடம், ஒன்றுமில்லை என்று தயங்காமல் சொல்லுங்கள்.

உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் மூன்று இலக்குகளை வகுத்தது: நோயாளிகளில் அறுபது விழுக்காட்டினரையேனும் முதல் இரு நிலைகளிலேயே கண்டறிதல், முதன்முறை வந்த நாளிலிருந்து அறுபது நாட்களுக்குள் நோயை உறுதிசெய்தல், எண்பது விழுக்காட்டினரேனும் சிகிச்சையை முழுமையாக முடித்தல். நம் மாதாந்திர ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணை மட்டுமே கேட்கிறோம். அந்த எண் எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் எவருக்கும் சங்கடமில்லை. மாவட்ட அலுவலர் ஒருவர் வேறு விதமாகக் கேட்கலாம். கட்டி இருப்பதாகச் சொன்ன பெண்ணின் பெயருக்கு எதிரே மூன்று தேதிகள் வேண்டும்: அவர் சொன்ன நாள், திசு முடிவு வந்த நாள், சிகிச்சை தொடங்கிய நாள். இரண்டாவது கட்டம் அறுபது நாளாகியும் வெறுமையாக இருந்தால், அப்பெண்ணின் ஊருக்கு ஒருவர் செல்லவேண்டும். மாத்திரையில் இருப்பவருக்கு நான்காவது கட்டம் ஒன்றும் தேவை: இம்மாத மாத்திரை ஊர் நிலையத்திலேயே கிடைத்ததா என்பது.

இதற்கெனத் தனிக் கணினியோ புதிய பணியிடமோ வேண்டியதில்லை. இப்போதுள்ள பதிவேட்டில் கோடு போட்டுக்கொண்டாலே போதும். அத்தகைய படிவத்தின் மாதிரியொன்று உங்களுக்கு வழங்கிய தாள்களின் கடைசிப் பக்கத்தில் உள்ளது. உங்கள் மாவட்டத்தில் திசு ஆய்வுக்கூடம் எங்கே உள்ளது, அங்கிருந்து முடிவு வர எத்தனை நாள் ஆகிறது என்பதை அதில் முதலில் குறித்துவிட்டு, வினா நேரத்தில் சொல்லுங்கள்.